பின்சீட்டுக்குத் தெரியாமல் உதவி கேட்பது: டாக்ஸி ஓட்டுநர்கள் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை

டாக்ஸியில் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் இடமே அவருக்குப் பாதகமானது. கத்தியோடு வந்தவன் பின்னால் இருப்பான்; அவனைத் திரும்பிப் பார்க்க முடியாது. ஆனால் ஓட்டுநரின் இரண்டு கையும், டாஷ்போர்டில் மாட்டிய போனின் திரையும் அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே "ஆபத்து வந்தால் 112 அடியுங்கள்" என்பது பாதி யோசனைதான். போனை எடுத்து மூன்று எண்ணை அழுத்த யாரும் விடப் போவதில்லை. ஓட்டுநர் தினமும் செய்கிற வேலை மாதிரியே தெரிகிற ஒன்றுதான் சைகையாக எடுபடும். அதையும் வண்டி எடுப்பதற்கு முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

சில நாடுகளில் இதை வண்டியிலேயே பொருத்திக் கொடுத்துவிடுகிறார்கள். நியூயார்க் மஞ்சள் டாக்ஸிகளில் முன்னும் பின்னும் ஆம்பர் நிறத்தில் ஒரு விளக்கு உண்டு. ஓட்டுநர் சுவிட்சைத் தட்டினால் அது மின்னும். பார்ப்பவர்கள் 911-ஐ அழைக்க வேண்டும். ஜெர்மனியில் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கக்கூடிய அலாரம் டாக்ஸியில் இருக்க வேண்டும் என்பது சட்டம்: ஹாரன் விட்டு விட்டு அடிக்கும், விளக்குகள் எரிந்து அணையும். கூரைப் பலகை மட்டும் சத்தமில்லாமல் மின்னுகிற மௌன அலாரமும் அங்கே புழக்கத்தில் உண்டு. ஜப்பானில் கூரை விளக்கு சிவப்பாக மின்னும். கண்ணாடியில் 'காலி' என்று காட்டும் பலகை 'எஸ்ஓஎஸ்' என்று மாறும். உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. அந்த ஏற்பாட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு: கை தவறி சுவிட்ச் பட்டுவிட்டால் ஓட்டுநருக்கே தெரியாமல் ஊரெல்லாம் எஸ்ஓஎஸ் காட்டிக்கொண்டு வண்டி ஓடும்.

தமிழ்நாட்டில் அப்படி எல்லோருக்கும் தெரிந்த குறி எதுவும் இல்லை. நான்கு இண்டிகேட்டரையும் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மழை பெய்தாலும் போடுகிறார்கள், சிக்னலில் நேராகப் போவதற்கும் போடுகிறார்கள், கல்யாண வண்டிகளிலும் போடுகிறார்கள். தனியாகச் சிவப்பு விளக்கு வாங்கி முன்பக்கம் மாட்டுவதும் கூடாது. முன்பக்கம் சிவப்பு ஒளி காட்ட மோட்டார் வாகன விதிகளில் இடமில்லை. ஆகவே சாலையில் போகிற தெரியாத ஆளை நம்பிப் பயனில்லை. தெரிந்த ஒருவரிடம் போய்ச் சேர்கிற மாதிரி சைகையை அமைக்க வேண்டும். ஸ்டாண்டு நண்பர், ஓனர், வீட்டில் இருப்பவர் என்று இரண்டு பேர் போதும். இரவு டூட்டி என்றால் அதில் ஒருவராவது இரவு முழுக்க விழித்திருப்பவராக இருக்க வேண்டும்.

போனில் முதலில் சத்தத்தை அணையுங்கள்

2017 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கப்படும் கைப்பேசிகளில் அவசர அழைப்பு வசதி இருக்க வேண்டும் என்பது விதி. பட்டன் போனில் 5 அல்லது 9 எண்ணை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை வேகமாக மூன்று முறை அழுத்த வேண்டும். நடைமுறையில் பல ஆண்ட்ராய்டு போன்களில் அது ஐந்து முறை. இந்தியாவில் ஐபோனுக்கு மூன்று முறை. 'அணுகல்தன்மை' குறுக்குவழியை ஆன் செய்திருந்தால் அந்த மூன்று முறை அழுத்துவது எடுபடாமல் போகலாம். உங்கள் போனுக்கு எத்தனை என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது அதன் பிறகு நடப்பது. பெரும்பாலான போன்கள் அவசர அழைப்புக்கு முன் ஐந்து நொடி கவுண்ட்டவுன் காட்டும். கூடவே சைரன் மாதிரி கத்தும். தெருவில் தனியாகப் போகிறவருக்கு அந்தச் சத்தம் நல்லது. காருக்குள் அதுவே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் 'பாதுகாப்பும் அவசரமும்' பகுதிக்குள் எஸ்ஓஎஸ் (அவசர அழைப்பு) இருக்கும். அங்கே அலாரம் சத்தத்தை அணையுங்கள். 'தொட்டுப் பிடித்தால் தொடங்கு', 'தானாகத் தொடங்கு' என்று இரண்டு வழி காட்டினால் தானாகத் தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் எஸ்ஓஎஸ் பக்கத்தில் சத்தமின்றி அழைக்கும் தேர்வு தனியாக இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். அவசரத் தொடர்பு எண்களாக அந்த இரண்டு பேரையும் சேருங்கள்.

அடுத்தது புளூடூத். இதை மறந்தால் மற்ற எல்லாமே வீண். பாட்டு கேட்பதற்காக போனைக் கார் ஸ்டீரியோவோடு இணைத்திருப்பீர்கள். அந்த நிலையில் 112 போனால், எதிர்முனையில் பேசுகிற காவலரின் குரல் நான்கு கதவு ஸ்பீக்கரிலும் முழங்கும். போனின் புளூடூத் பக்கத்தில் ஸ்டீரியோ பெயருக்குள் போய் 'போன் அழைப்புகள்' என்பதை மட்டும் அணைத்துவிடுங்கள். பாட்டும் மேப் குரலும் வழக்கம்போல வரும், அழைப்பு மட்டும் போனிலேயே நிற்கும். அழைப்பின் ஒலியளவையும் பாதிக்குக் குறைத்து வையுங்கள்.

மூன்றாவது, திரையில் தோன்றும் அறிவிப்புகள். நீங்கள் ஒருவருக்குச் சொல்லி, அவர் ஸ்டாண்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "போலீஸ் கிளம்பிடுச்சு, பயப்படாத மச்சான்" என்று யாரோ பாசமாக அனுப்புவார். அது மேப்புக்கு மேலே பெரிய எழுத்தில் வந்து நிற்கும். குழுவின் அறிவிப்பை முடக்குங்கள். மற்றவற்றுக்கும் செய்தியின் உள்ளடக்கம் திரையில் தெரியாதபடி வையுங்கள். நண்பரின் பெயரை 'பழனி போலீஸ்' என்று சேமித்திருந்தால் 'டிராவல்ஸ் ஆபீஸ்' என்று மாற்றிவிடுங்கள்.

எஸ்ஓஎஸ் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க 112-ஐயே அழைக்காதீர்கள். சில போன்களில் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்பதை மாற்றலாம். நண்பர் எண்ணைப் போட்டுச் சோதித்துவிட்டு மறுபடி 112 ஆக்குங்கள். மாற்ற முடியாத போனில் கவுண்ட்டவுன் வரை பார்த்து ரத்து செய்தால் போதும்; சத்தம் வருகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். தவறுதலாக அழைப்பு போய்விட்டால் துண்டிக்காமல் "தவறுதலாகப் பட்டுவிட்டது" என்று சொல்லுங்கள். பேசாமல் வைத்தால் அவர்கள் திருப்பி அழைப்பார்கள்.

லைவ் லொகேஷனை ஆபத்து வந்த பிறகு அனுப்ப முடியாது. டூட்டி தொடங்கும்போதே ஓட விடுங்கள். வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவுதான். எட்டைப் போட்டு, சாப்பாட்டு நேரத்தில் மறுபடி போடுங்கள். கூகுள் மேப்ஸில் நிறுத்தும் வரை ஓடுகிற பகிர்வு உண்டு; வெளியூர் சவாரிக்கு அது வசதி. பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பல போன்கள் பின்னணியில் ஓடும் செயலியைக் கொன்றுவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாடு இல்லாதபடி அமைக்காவிட்டால், நண்பரின் திரையில் நீங்கள் ஒரு மணி நேரமாகத் தாம்பரத்திலேயே நிற்பீர்கள்.

தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியும், மத்திய அரசின் '112 இந்தியா' செயலியும் இருப்பிடத்தோடு கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் கொடுக்கும். போட்டு, பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் செயலியைத் திறந்து திரையில் தட்ட வேண்டிய எதுவும் பின்சீட்டுக்குத் தெரியும். அதனால் அவை இரண்டாவது வழி.

இரண்டாவது போன்

வழிப்பறிக்காரன் முதலில் பிடுங்குவது டாஷ்போர்டில் இருக்கும் போனைத்தான். ஒரு பட்டன் போன், தனி சிம்மோடு, ஓட்டுநர் கதவின் பாக்கெட்டில் இருக்கட்டும். ரிங்டோன், கீபேட் ஒலி இரண்டும் அணைந்திருக்க வேண்டும். ஸ்பீடு டயலில் 2-ஆம் எண்ணுக்கு நண்பரைப் போடுங்கள். பட்டன் போனின் பெரிய லாபம், பார்க்காமலே விரலால் தடவி அழுத்தலாம் என்பது. 5-இன் மேல் சின்ன மேடு இருக்கும். பலர் விடுகிற இடம் ரீசார்ஜ். பயன்படுத்தாத சிம் செயலிழந்துவிடும். மாதம் ஒரு முறை அதிலிருந்து ஓர் அழைப்பு செய்து பாருங்கள்.

அழைப்பு போய்ச் சேர்ந்ததும் போனில் பேச வேண்டியதில்லை, பயணியிடம் பேசுங்கள். "சார், பெருங்களத்தூர் பாலம் தாண்டியாச்சு. வண்டலூர்ல ஓஆர்ஆர் ஏறட்டுமா, இல்ல நேரா ஜிஎஸ்டியிலயே போகட்டுமா?" ஓஆர்ஆர் என்பது சென்னை வெளிவட்டச் சாலை, ஜிஎஸ்டி என்பது தெற்கே போகிற நெடுஞ்சாலை; எந்த ஓட்டுநரும் கேட்கிற கேள்வி இது. கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இடமும் திசையும் கிடைத்துவிடும். "மூணு பேருக்கும் சேத்து ஒரே இடத்துல இறக்கமா சார்?" என்றால் ஆள் எண்ணிக்கையும் போய்விடும். பிரிட்டனில் 999-ஐ அழைத்துப் பேச முடியாதவர்கள் கைப்பேசியில் 55 அழுத்தினால் காவல்துறைக்கு இணைப்பு போகும். இங்கே அதை நம்பி எண்களை அழுத்திக்கொண்டிருக்காதீர்கள். நம் ஊரில் பேச்சுதான் வழி.

விளித்துச் சொல்வது

போனில் பேச அனுமதி கிடைக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஓனர் அழைக்கிறார், எடுக்காவிட்டால் சந்தேகம் வரும் என்று அவர்களே "எடுத்துப் பேசு, நார்மலா பேசு" என்பார்கள். அதற்குத்தான் பேச்சுக் குறி.

நல்ல குறிக்கு இரண்டு லட்சணம்: அன்றாடப் பேச்சில் வரவே கூடாது, ஆனால் வந்தால் யாருக்கும் உறுத்தக் கூடாது. 'டியூ' (கடன் தவணை), 'எஃப்சி' (வண்டித் தகுதிச் சான்று), 'பேட்டா' (தினப்படி) போன்ற சொற்களைக் குறியாக வைத்தால் வாரம் இரண்டு முறை பொய் அலாரம் அடிக்கும். மூன்றாவது வாரம் யாரும் நம்ப மாட்டார்கள். எளிதானதும் உறுதியானதும் விளிப்பை மாற்றுவது. தினமும் "மச்சான்" என்று கூப்பிடுகிற நண்பரை "சார்" என்று கூப்பிட்டால் போதும். பின்னால் இருப்பவன் ஓனரிடம் பேசுகிறான் என்று நினைப்பான். மச்சானுக்கு மட்டும் தூக்கிவாரிப் போடும். ஓனரை எப்போதும் "அண்ணே" என்பவர் "முதலாளி" என்று சொல்லலாம். வீட்டம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் "என்னங்க" என்று ஆரம்பித்தால் அவருக்கு உடனே புரியும், ஆனால் வெளியாளுக்கும் விசித்திரமாகப் பட வாய்ப்புண்டு. அதனால் வீட்டுக்கு வேறு குறி வையுங்கள்: இல்லாத ஒரு சொந்தக்காரர். "ஊர்ல இருந்து குமரேசன் மாமா வந்துட்டாரா?" குமரேசன் என்று குடும்பத்தில் யாருமே இருக்கக் கூடாது. "மாமாவுக்கு மாத்திரை ரெண்டு பட்டை வாங்கிட்டேன், பரனூர் டோல் தாண்டிட்டேன்" என்றால் ஆட்கள் இரண்டு பேர், வண்டி செங்கல்பட்டு பக்கம் என்று அர்த்தம்.

இங்கே எழுதியிருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கென்று ஒன்றை உண்டாக்குங்கள், வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பாமல் நேரில் சொல்லுங்கள். ஸ்டாண்டை விட்டு யாராவது கோபித்துக்கொண்டு போனால் அன்றே மாற்றுங்கள்.

வெளியூர் இரவுச் சவாரிக்கு இன்னொரு முறையும் உண்டு. ஒவ்வொரு டோலிலும் ஒரு சின்ன மெசேஜ் அனுப்புவதாகப் பேசிக்கொள்ளுங்கள். அடுத்த டோலுக்கு ஆகிற நேரத்துக்கு மேல் அரை மணி ஆகியும் வராவிட்டால், எதிர்முனையில் இருப்பவர் அழைத்து "சாப்பிட்டியா?" என்று கேட்பார். இருவருக்குள் முடிவான பதில் வந்தால் சரி. வேறு எந்தப் பதில் வந்தாலும், போன் எடுக்கப்படாவிட்டாலும், ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கை கட்டப்பட்டவரும் போன் பறிக்கப்பட்டவரும் எதையும் அழுத்தாமலே உதவி கேட்கிற ஒரே வழி இது.

சைகையைப் பெறுபவர் செய்ய வேண்டியது

சைகை போய்ச் சேர்ந்த பிறகு கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். பதறிப்போய்த் திருப்பி அழைப்பது, "என்னடா ஆச்சு, யாரு வண்டியில?" என்று கத்துவது, பத்து வண்டி சேர்ந்து துரத்துவது. மூன்றும் ஓட்டுநரின் கழுத்துக்கு வினை.

பேச்சு நடந்தால் மெதுவான குரலில், "ஆமா", "இல்லை" என்று பதில் சொல்லும்படி மட்டும் கேளுங்கள். ரெண்டு பேரா? கத்தி இருக்கா? ஊரை விட்டு வெளிய போறீங்களா? மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். இயல்பாக முடித்துவிட்டு வேறு போனிலிருந்து 112-ஐ அழையுங்கள். லைவ் லொகேஷன் ஓடுகிற போனை அழைப்பில் மாட்டிவிடக் கூடாது. சொல்ல வேண்டியது இந்த வரிசையில்:

"டாக்ஸி ஓட்டுநரைப் பின்சீட்டில் இருக்கும் இரண்டு பேர் கத்தி காட்டி மிரட்டுகிறார்கள். அவரால் பேச முடியாது. வெள்ளை டிசையர், மஞ்சள் போர்டு, வண்டி எண் இது. 11.40-க்குப் பரனூர் டோல் தாண்டி திண்டிவனம் பக்கம் போகிறது. லைவ் லொகேஷன் என்னிடம் ஓடுகிறது. அவருடைய நம்பருக்குக் கூப்பிடாதீர்கள், என் நம்பருக்குக் கூப்பிடுங்கள்."

கடைசி வாக்கியம் விட்டுப்போகக் கூடாது. ஓட்டுநரின் நம்பரைக் கொடுத்தால் ரோந்து வண்டியிலிருந்து நேராக அவருக்கே அழைப்பு போய்விடும். வண்டி மாநில எல்லை தாண்டியிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். சென்னையிலிருந்து 112 அடித்தால் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். வண்டி கர்நாடகத்தின் அத்திப்பள்ளியிலோ ஆந்திராவின் தடாவிலோ இருந்தால் அந்த மாநிலத்துக்குத் தகவல் போக வேண்டும்.

வண்டி எண், மாடல், நிறம், ஓட்டுநரின் இரண்டு நம்பர்கள், இரத்த வகை எல்லாம் சைகையைப் பெறுபவரின் போனில் ஒரே குறிப்பில் இருக்கட்டும். நெருங்கிய நண்பருக்கும் வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான் ஞாபகம் இருக்கும்.

வண்டியில் பொருத்துகிற பட்டன்

2019 ஜனவரி முதல் பதிவான டாக்ஸிகளில் ஏஐஎஸ் 140 என்ற இந்திய வாகனத் தரத்தில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் இருக்க வேண்டும். ஆட்டோவுக்கு இது பொருந்தாது. அழுத்தினால் கட்டுப்பாட்டு மையத்துக்கு எச்சரிக்கை போகும். டேட்டா கிடைக்காத இடத்தில் எஸ்எம்எஸ் ஆகப் போகும். வண்டி பேட்டரியைக் கழற்றினாலும் கருவிக்குள் இருக்கும் பேட்டரி குறைந்தது நான்கு மணி நேரம் தாங்க வேண்டும். தரம் நன்றாகத்தான் இருக்கிறது. எஃப்சிக்கு மட்டும் ரீசார்ஜ் செய்து, மற்ற மாதங்களில் சந்தா தீர்ந்த வெறும் டப்பாவாக விட்டு வைப்பதுதான் கோளாறு. பொருத்தியவரிடம் போய், அழுத்தினால் யாருடைய திரையில் விழுகிறது என்று கேட்டு, முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒரு முறை சோதியுங்கள். பட்டன் பின்சீட்டுப் பயணிக்காக வைக்கப்பட்டது என்பதால் ஓட்டுநர் கைக்கு எட்டாமலும் இருக்கலாம்.

தனியாக ஜிபிஎஸ் டிராக்கர் வாங்கினால் எஸ்ஓஎஸ் வயர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பட்டனை இரண்டு மூன்று நொடி அழுத்தினால் பதிவு செய்த எண்களுக்குச் செய்தி போகும் வகை நல்லது. பட்டவுடன் போகிற வகை முழங்கால் இடித்தே ஊரைக் கூட்டும். வைக்கிற இடம் இருக்கைக்கும் வலது கதவுக்கும் நடுவே, பெட்ரோல் மூடி திறக்கும் லீவர் இருக்கும் பகுதி. கை அங்கே போனால் சீட்டைச் சரிசெய்வது போலத்தான் தெரியும். அதைவிடச் சிறந்தது கால் சுவிட்ச். பழைய அம்பாசடரில் டிப்பர் சுவிட்ச் கிளட்சுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதே இடத்தில் எஸ்ஓஎஸ் சுவிட்சை வைத்தால் கை இரண்டும் ஸ்டியரிங்கிலேயே இருக்கும். எலக்ட்ரீஷியனிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: வயரை முறுக்கி டேப் ஒட்டாமல் சால்டர் செய்ய வேண்டும், தனி ஃப்யூஸ் வேண்டும், டிராக்கரில் பஸ்ஸரோ மின்னும் விளக்கோ இருந்தால் துண்டிக்க வேண்டும்.

இன்ஜினைத் தொலைவிலிருந்து நிறுத்துகிற ரிலே பல டிராக்கர்களில் வரும். ஓட்டுநர் உள்ளே இருக்கும்போது ஓனர் அதைத் தொடவே கூடாது. ஓடுகிற வண்டியில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகும், பிரேக் பெடல் கல்லாகும். நின்றதற்கான கோபமும் ஓட்டுநர் மேல்தான் விழும். அவரை இறக்கிவிட்டு வண்டியைக் கொண்டு போகிறார்கள் என்று உறுதியான பிறகுதான் அது.

எங்கே நிறுத்துவது

மிரட்டல் இன்னும் வெளிப்படையாகத் தொடங்கவில்லை, ஆனால் ஓடிபி சொன்ன ஆள் வேறு, ஏறிய ஆள் வேறு, இடத்தை மாற்றிக்கொண்டே போகிறார்கள் என்கிற நிலையில் வெளிச்சமும் கேமராவும் உள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோவதே முதல் வேலை. சிஎன்ஜி வண்டி ஓட்டுபவருக்கு இதில் நல்ல வசதி. கேஸ் நிரப்பும்போது எல்லோரும் இறங்கியே ஆக வேண்டும் என்பது பங்கின் விதி. "கேஸ் கம்மியா இருக்கு சார், வரிசை சின்னதுதான்" என்று திருப்பினால் யாருக்கும் தப்பாகத் தோன்றாது. ஆட்கள் இறங்கியதும் சாவியோடு நீங்கள் ஊழியர் அறைப் பக்கம் நடந்துவிடலாம். பெட்ரோல், டீசல் வண்டிக்கு டயர் காற்று ஒரு சாக்கு.

டோலில் ஃபாஸ்டேக் வேலை செய்யாத மாதிரி நின்றால் ஊழியர் ஜன்னலருகே வருவார். உள்ளங்கையைக் காட்டி, கட்டைவிரலை மடக்கி, மற்ற நான்கு விரலையும் அதன் மேல் மூடுகிற கைச்சைகை ஒன்று உண்டு. 2020-இல் கனடாவின் மகளிர் அமைப்பு ஒன்று பரப்பியது. கதவுக்கு வெளியே தாழ்த்திக் காட்டலாம், ஆனால் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தால்தான் பயன். போலீஸ் சோதனைச் சாவடியில் வேகத்தைக் குறைத்து, உள்விளக்கைப் போட்டு, தடுப்புக்குச் சரியாக முன்னால் கிளட்சை விட்டு வண்டியை 'ஆஃப்' ஆக்கிவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் தடுப்பை ஒட்டி நிறுத்திவிட்டு, ஆவணம் எடுப்பதாகச் சொல்லி இறங்குங்கள்.

கத்தி வெளியே வந்துவிட்டால் நிறுத்துகிற வேலையெல்லாம் வேண்டாம். கேட்ட பணத்தைக் கொடுங்கள், சொன்ன பக்கம் ஓட்டுங்கள், சைகை போய்விட்டது என்று யாருக்கும் காட்டாதீர்கள். போலீஸ் வண்டி மறித்தால் இன்ஜினை நிறுத்தி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வையுங்கள். இருட்டில் யார் ஓட்டுநர், யார் திருடன் என்று வருகிற காவலருக்கு உடனே தெரியாது.

முடிந்த பிறகு பின்கதவுக் கைப்பிடி, சீட் பெல்ட் கொக்கி, விட்டுப்போன தண்ணீர் பாட்டில் எதையும் தொடாமல், துடைக்காமல் வையுங்கள். டேஷ்கேம் இருந்தால் மெமரி கார்டை உடனே கழற்றுங்கள், வண்டி ஓட ஓடப் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும். டிரிப் எண்ணின் ஸ்கிரீன்ஷாட்டோடு அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் எழுதுங்கள். மிரட்டி யுபிஐயில் பணம் வாங்கியிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். தாமதமாகிற ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் அடுத்த கணக்குக்கு நகர்ந்துகொண்டிருக்கும்.